கரடிக்குப் பொங்கப்படி

கரடிக்குப் பொங்கப்படி கொண்டுபோனவன் தென்காசித் தாலுகாவிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தைப்பொங்கலுக்கு முன்னால் பிறந்த வீட்டிலிருந்து பானை, பச்சரிசி, கருப்பட்டி, கரும்பு, மஞ்சள்குலை, வாழைப்பழம், பனங்கிழங்கு என்று கொண்டுபோய் இறக்குவது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். தலைப்பொங்கல் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு பொருள் குறைந்தாலும் சம்பந்தி வீட்டில் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள். ஆனால் எங்களுக்குப் பெண் கிடையாது. இரண்டும் பையன்கள், ஒருவன் பட்டாளத்தில், ஒருவன் போலீசில். படி கொடுக்கிற பாக்கியம் தனக்கு இல்லை என்று என் மனைவி வள்ளித்தாய் தை பிறக்கும்போதெல்லாம் மூக்கைச் சிந்துவாள். அறுபத்திரண்டாம் வருஷம் பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது, பித்தளைப் பானையைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே, "செண்பகத்துக்கு இது தலைப்பொங்கல்லா" என்றாள்.

செண்பகம் என்பது கரடி. முழுப்பெயர் செண்பகவல்லி.

அறுபதாம் வருஷம் மாசியில் எங்களுக்கு விறகு கொண்டுவருகிறவர் அதை ஓலைக் கடகத்தில் வைத்துக் கொண்டுவந்தார். மலையில் தாய்க்கரடி செத்துக் கிடந்ததாம். குட்டி அதன் முதுகை விட்டு இறங்க மாட்டேன் என்று கிடந்ததாம். வள்ளித்தாய் பாலாடையை எடுத்துப் பால் புகட்டினாள். நான் ரிஜிஸ்தர் ஆபீசிலிருந்து வந்து பார்த்தபோது அது என் கட்டிலில் படுத்திருந்தது. அதற்கப்புறம் நான் தரையில் படுத்தேன்.

நான் பத்திர எழுத்தர். தென்காசியில் நிலமோ வீடோ கைமாறினால் பாதி என் கையெழுத்தில்தான் மாறும். காலையில் வீட்டு முன்கட்டில் மேசையைப் போட்டு உட்கார்ந்தால் பத்து மணி வரை எழுத்துதான். எந்தப் பத்திரமானாலும் கடைசி வரியில், "எழுதியவர்: சி. சிவனணைந்தபெருமாள், பத்திர எழுத்தர், தென்காசி" என்று போட்டுவிட்டுத்தான் வெற்றிலைச் செல்லத்தைத் தொடுவேன். இருபது வருஷமாக அந்த வரியை நான் யோசித்து எழுதியதில்லை. கை தானாக எழுதிவிடும்.

மேசையில் தாள் ஒட்டுவதற்கு ஒரு சிரட்டையில் மைதாப் பசை இருக்கும். செண்பகத்துக்கு உலகத்தில் அதைவிட ருசி வேறு இல்லை. நான் வலது கையால் எழுதிக்கொண்டிருப்பேன். அது இடது பக்கம் உட்கார்ந்து என் இடது கைவிரல்களில் ஒட்டியிருக்கும் பசையை நக்கிக்கொண்டிருக்கும். உறிஞ்சுகிற சத்தம் தெருவுக்குக் கேட்கும். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பிறகு, உள்ளதைச் சொல்வதென்றால், அது வராத அன்றைக்கு நானே சிரட்டையைத் தட்டிக் கூப்பிடுவேன்.

இப்படியே போயிருந்தால் ஒரு குறையும் இல்லை. இலஞ்சியிலிருந்து நாறும்பூநாதன் வந்தார். அண்ணன் தம்பி நாலு பேர். சொத்துப் பிரிப்பதில் பதினோரு வருஷச் சண்டை. எப்படியோ ஒருவழியாக மனசு ஒத்து, பாகப்பிரிவினை எழுத என்னிடம் வந்தார்கள். ஒன்பது பக்கம் எழுதினேன். வயல் வரைபடத்தைப் பசை போட்டு ஒட்டி, காயட்டும் என்று மேசையில் விரித்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், நாலு பேருக்குச் சமமாகப் பிரித்த சொத்தை ஒரே ஆளாகச் செண்பகம் தின்று முடித்திருந்தது. புதிதாக ஸ்டாம்பு தாள் வாங்கி மறுபடி எழுதி முடிப்பதற்குள் அந்த நாலு பேரும் ஒரு தென்னை மரத்தைப் பற்றிப் புதுச் சண்டை ஆரம்பித்துவிட்டார்கள். பழி என்மேல். "கரடி எழுத்தர்" என்று எனக்குப் பேராகிவிட்டது. ஆட்கள் வேறு எழுத்தரைத் தேடிப் போக ஆரம்பித்தார்கள்.

கரடியை எங்காவது கொடுத்துவிடலாம் என்று வள்ளித்தாயிடம் மூன்று தரம் சொன்னேன். மூன்றாவது தரம் அவள், "ஒரு ஆளு இந்த வீட்ட விட்டுப் போயித்தான் ஆவணும்னா நீங்க போயிட்டு வாங்க" என்றாள்.

ஒரு மொட்டைப் பெட்டிசன் எழுதினேன். காட்டு இலாகாவுக்கு. என் எழுத்தை ஊரே அறியும் என்பதால் இடது கையால் எழுதினேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் ஆனது. தென்காசித் தபால் முத்திரை விழக்கூடாது என்று பஸ் ஏறிச் செங்கோட்டைக்குப் போய்ப் பெட்டியில் போட்டேன். இவ்வளவு சாமர்த்தியம் பண்ணினவன், வீட்டு அடையாளத்தை "கரடி இருக்கும் வீடு" என்று ஒரு வரியில் எழுதியிருக்கலாம். என்னால் முடியவில்லை. நான்கு எல்லை சொல்லாமல் ஒரு வீட்டைப் பற்றி எழுத என் கைக்குத் தெரியாது, அது இடது கையானாலும்.

பத்து நாளில் கூண்டு வண்டி வந்தது. "பெட்டிசன் வந்திருக்கும்மா, நாங்க என்ன செய்ய" என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போனார்கள். வள்ளித்தாய் தெருவில் உட்கார்ந்து அழுதாள். நானும் வாயில் துண்டை வைத்துக்கொண்டு நின்றேன். பாதி நடிப்பு, பாதி நடிப்பில்லை.

அதோடு முடிந்ததா? பெட்டிசன் போட்டது யார் என்ற கேள்வி பிறந்தது. கிழக்கு வீட்டுப் பேராச்சிக்கும் என் மனைவிக்கும் பதினெட்டு வருஷச் சினேகம். இடையில் உள்ள குட்டைச் சுவருக்கு மேலே குழம்புக் கிண்ணம் போகாத நாள் கிடையாது. ஆனால் அந்தச் சித்திரையில் செண்பகம் சுவரேறிக் குதித்துப் பேராச்சி காயப்போட்டிருந்த வடகத்தை எல்லாம் வழித்துத் தின்றிருந்தது. பேராச்சியும் கோபத்தில், "இதுக்கு ஒரு வழி பண்ணுதேன்" என்று சொல்லியிருந்தாள். போதாதா? வள்ளித்தாய் சுவர் நெடுக முள்ளை வெட்டி வைத்தாள். பேராச்சி, "நான் எழுதல, எங்கன வேணாலும் சத்தியம் பண்ணுதேன்" என்று மூன்று நாள் அழுதாள். பிறகு அவளும் பேச்சை விட்டுவிட்டாள். வள்ளித்தாய் என்னையும் கூட்டிக்கொண்டு முப்பிடாதி அம்மன் கோவிலுக்குப் போய்ச் சூடம் கொளுத்தி, மண்ணை வாரித் தூற்றி, "எழுதுன கை வெளங்காமப் போவணும் தாயே" என்றாள். நான் இடது கையைத் துண்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் இடது கையைத்தான் முதலில் பார்ப்பேன். ஆடியில் இடது நடுவிரலில் நகச்சுத்தி வந்தது. எலுமிச்சம்பழத்தைக் குத்தி விரலில் மாட்டிக்கொண்டு மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தேன். இதைவிடப் பெரிய பயம் இன்னொன்று இருந்தது. பெட்டிசன் போட்ட மறு வாரம் ஒரு கிரயப் பத்திரத்தை முடித்து, "எழுதியவர்" என்று கடைசி வரியைக் கை எழுதிக்கொண்டிருந்தபோது பேனாவைப் போட்டுவிட்டேன். அந்தப் பெட்டிசனிலும் இந்த வரியை எழுதிவிட்டேனா? எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. எழுதியிருந்தால் என் பேர், என் தொழில், என் ஊர் எல்லாம் அதில் இருக்கும். ஒன்பது மாதம் இதே நினைப்பாக இருந்தேன்.

செண்பகம் ஐந்தருவிக்கு மேலே மலையில் இருப்பதாகத் தகவல் வந்திருந்தது. பழைய கிராம்புத் தோட்டம் ஒன்றை அதன் முதலாளி அடிபட்ட மிருகங்களுக்கென்று விட்டுக்கொடுத்திருந்தார். பட்டாளத்துக் கோவேறு கழுதை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ரிட்டையரான ஞானதுரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கேதான் படியோடு கிளம்பினோம். குற்றாலம் வரை பஸ். அங்கிருந்து சேக் தாவூதின் குதிரை வண்டி. பானையும் கரும்பும் மஞ்சள்குலையும் ஏறுவதைப் பார்த்த சேக் தாவூது மரியாதையாக விசாரித்தார்.

"பொண்ண எந்த ஊர்ல குடுத்திருக்கு அண்ணாச்சி?"

நான் வாயைத் திறப்பதற்குள் வள்ளித்தாய், "அஞ்சருவிக்கு மேல" என்றாள்.

"மேல வீடு வாசல் கெடையாதே ஆச்சி. மாப்பிள்ளைக்கு என்ன சோலி?"

"மாப்பிள்ளை இன்னும் அமையல."

சேக் தாவூது அப்புறம் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. குதிரையிடம்தான் பேசினார். "படி முந்திப் போகுது, மாப்பிள்ளை பொறவு வருதாராம். நீ நடல."

ஐந்தருவியிலிருந்து ஏற்றம். சாரல் முடிந்து மாதக்கணக்காகியும் பாதை வழுக்கியது. நான் தலையில் பானை, தோளில் கரும்பு. அவள் கையில் பழமும் மஞ்சளும். பாதி வழியில் குரங்குகள் வந்தன. வள்ளித்தாய் அவற்றைப் பார்த்து, "இது பொண்ணுக்குக் கொண்டுபோறது, தொடப்பிடாது" என்று விளக்கம் சொன்னாள். அவை பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பாதிப் பழத்தைக் கொண்டுபோயின.

தோட்டத்து வேலியருகில் காக்கி டிராயரும் விசிலுமாக ஒருவர் நின்றார். ஞானதுரைதான்.

"யாருவே அது, கரும்பத் தூக்கிட்டு வாரது? கீழ போடும். போன வாரந்தான் ஆன வந்து வேலிய மிதிச்சிட்டுப் போச்சு. வெருந்துக்குக் கூப்பிடுதீரா?"

கரும்பைப் பிடுங்கிச் சாக்கைப் போட்டு மூடி அதன்மேல் ஒரு கல்லையும் வைத்தார். பிறகு ஒரு நோட்டை நீட்டி, பேர், ஊர், தொழில் எழுதச் சொன்னார். தொழில் என்ற இடத்தில் என் கை நின்றது. "விவசாயம்" என்று எழுதினேன். வள்ளித்தாய் எட்டிப் பார்த்தாள்.

"வெவசாயமா? வீட்டுல ஒத்தத் தொளசி நிக்கி. அதுக்கும் நாந்தான தண்ணி ஊத்துதேன்?"

"எல்லாரும் எழுதுறதுதான், சும்மா இரு" என்றேன்.

ஞானதுரை எங்களை நேரே கரடியிடம் விடவில்லை. வரிசைப்படிதான் பார்க்க வேண்டுமாம். பட்டாளத்து ஒழுங்கு. முதலில் ஒற்றைக்கண் சிறுத்தை. அதற்கு ஹவில்தார் என்று பதவி. அடுத்தது மூன்று காலில் நிற்கும் மிளா மான், லான்ஸ் நாயக். சிறகொடிந்த இருவாச்சி வெறும் சிப்பாய்; ஒழுக்கம் போதாது என்று போன மாதம் பதவி இறக்கப்பட்டதாம். ஒவ்வொன்றின் முன்னாலும் அவர் விசில் ஊதினார். சிறுத்தை தூங்கிக்கொண்டிருந்தது. "ரெஸ்ட்ல இருக்காரு" என்றார்.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, மிளாவின் கூண்டருகில் தொங்கிய கண்ணாடிச் சட்டத்தைப் பார்க்கும் வரை. உள்ளே ஏதோ ரயில்வேத் தாள்.

"இது என்ன?" என்றேன்.

"அதோட பேப்பர். தண்டவாளத்துல படுத்துக் கெடந்து வண்டி பன்னெண்டு நிமிசம் லேட்டாச்சுன்னு ஸ்டேசன் மாஸ்டர் எழுதுன கடிதாசி. எந்த உருப்படி வந்தாலும் அது எப்படி வந்துச்சுங்கற பேப்பர நான் கேட்டு வாங்கிருவேன். கண்ணாடி போட்டு மாட்டிருவேன். பேப்பர் இல்லாத உருப்படி எங் கேம்ப்ல கெடையாது."

"கரடிக்குமா?" என்றேன்.

"கரடிக்குத்தான் முதத்தரமான பேப்பர். வாங்க, காட்டுதேன்."

கரடியின் இடம் கற்சுவரும் முன்பக்கம் இரும்புக் கம்பியுமாக விசாலமாக இருந்தது. உள்ளே ஒரு பலாமரம், ஒரு குகை. குகைக்குள் கறுப்பாக இரண்டு மேடு தெரிந்தது. வள்ளித்தாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "செண்பகம், ஏட்டி செண்பகம்" என்று கூப்பிட்டாள். ஒன்றும் அசையவில்லை. மத்தியானத் தூக்கம், தானாக எழுந்து வரும் என்றார் ஞானதுரை. நான் அதற்குள் பக்கத்தில் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டத்தின் முன்னால் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டேன்.

"தள்ளி நில்லுங்க, என்னமோ மாட்டியிருக்குல்லா" என்றாள் வள்ளித்தாய்.

"ஒண்ணுமில்ல, ஆபீஸ் தாளு."

"தாளுன்னா படிக்கத்தான மாட்டியிருக்கு?"

தள்ளினேன். என்னுடைய அடித்தல் திருத்தல் தாள்களை வைத்துப் படிக்கக் கற்றுக்கொண்டவள் அவள். சினிமா நோட்டீஸில் தடுமாறுவாள். பத்திர பாஷை தண்ணீர்பட்ட பாடு. உரக்கப் படித்தாள்.

"தென்காசி டவுனில், கீழ்க்கண்ட நான்கு எல்லைக்கு உட்பட்ட ஓட்டுக்கட்டு வீட்டில், சுமார் ஒரு வயது மதிக்கத்தக்க பெண் கரடி ஒன்று, சர்க்கார் அனுமதி ஏதுமின்றி, சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்து வருகிறது. எல்லையாவது: பேராச்சி வீட்டுச் சுவருக்கு மேற்கு, தெருவுக்கு வடக்கு, பொதுக் கிணற்றுக்குத் தெற்கு, முடுக்குச் சந்துக்குக் கிழக்கு."

நிறுத்தினாள். "பெட்டிசனா இது? எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கு. ஆனா நம்ம வீட்ட அளந்துல்லா வச்சிருக்கான்."

"வீடு எங்கன இருக்குன்னு தேடவே வேண்டாம்னு ரேஞ்சரே சொன்னாரு" என்றார் ஞானதுரை பெருமையாக.

"பேராச்சி எழுதுனா தன் பேரையா எல்லையில போடுவா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு மேலே படித்தாள். "மேற்படி வீட்டுக்காரர் பரம சாது. நாலு பேர் மதிக்கும் மனிதர். அவர் பேரில் யாதொரு குற்றமும் இல்லை. மேற்படி கரடியை மேற்படியார் மனம் நோகாமல் ஏற்றிச் செல்லவும்."

இந்த வரியை எழுதும்போது எவ்வளவு நியாயமாக இருந்தது! இப்போது அவள் வாயில் கேட்கும்போது காதை அடைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. வள்ளித்தாய் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பேராச்சி ஒங்கள பரம சாதுன்னு எழுதுவாளா? ஒலக்கைன்னுல்லா சொல்லுவா."

"கோபத்துல மாத்தி எழுதியிருப்பா" என்றேன்.

"கோபத்துல யாரும் நல்லவருன்னு எழுதுவாவளா? அண்ணாச்சி, இதுக்குக் கீழ என்ன இருக்கு? தாளு மடிச்சிருக்கே."

"சட்டத்துக்கு அடங்கல தாயி. அடியில நாலு வெரக்கட மடிச்சு வச்சிருக்கு" என்றார் ஞானதுரை.

"கழத்திக் காட்டுங்க. அதுலதான் எழுதுனவன் பேரு இருக்கும். எங்க வீட்டுக்காரரு எந்தத் தாளுன்னாலும் அடியில பேரு போடாம விட மாட்டாவ. எழுதுற ஆளுக எல்லாருக்கும் அந்தப் பழக்கம் இருக்கும்லா?"

என் குலதெய்வம் எல்லாவற்றையும் கூப்பிட்டேன். "கண்ணாடி ஒடஞ்சிரும், வேண்டாம்" என்றேன். ஞானதுரை கேட்கிற ஆளில்லை. விசாரணை என்றதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. திருப்புளி எடுத்து வருகிறேன் என்று குடிசைப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

அப்போதுதான் குகைக்குள் ஒரு மேடு எழுந்தது.

வளர்ந்திருந்தது. கழுத்து மயிரெல்லாம் அடர்ந்து, நெஞ்சில் வெள்ளைப் பட்டை பளிச்சென்று, ஒரு முழு ஆள் கனம் இருக்கும். ஆடி ஆடி வந்தது. வள்ளித்தாய் கருப்பட்டியை உடைத்து இரண்டு கையிலும் வைத்துக் கம்பிக்குள் நீட்டினாள். "வாட்டி, எங் கண்ணு" என்றாள். செண்பகம் அவள் பக்கம் வந்து மூக்கை நிமிர்த்திக் காற்றைப் பிடித்துப் பார்த்தது. பிறகு அவளையும் கருப்பட்டியையும் தாண்டி நேரே என்னிடம் வந்தது.

நான் அன்று காலையில்தான் ஒரு அடமானப் பத்திரத்துக்குத் தாள் ஒட்டிவிட்டு வந்திருந்தேன். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் பசை இருக்கும். என் இடது கை கம்பியைப் பிடித்திருந்தது. செண்பகம் வாயைக் குவித்து அந்த விரல்களை ஒவ்வொன்றாக உறிஞ்ச ஆரம்பித்தது. அதே சத்தம். எங்கள் வீட்டு முன்கட்டில் தெருவுக்குக் கேட்ட சத்தம். நகச்சுத்தி வந்த நடுவிரலில் அது நின்று நின்று நக்கியது. கையை இழுக்க மனசு வரவில்லை.

வள்ளித்தாய் கருப்பட்டியை நீட்டியபடியே நின்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது. "வளத்தவ நான் நிக்கேன். ஒங்ககிட்டல்லா போவுது" என்றாள். "போவட்டும். ஒங்க மேலதான் அதுக்குப் பிரியம் போல. நான் என்னத்த கண்டேன்."

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நாலு பேர் முன்னால் உலக்கை என்று சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். என்னை நல்லவன் என்று இவளும் நினைத்துக்கொண்டு, இந்தக் கரடியும் நினைத்துக்கொண்டு, அங்கே ஒருத்தி முள்ளுக்கு அந்தப் பக்கம் ஒன்பது மாதமாகப் பழி சுமந்துகொண்டு இருக்கிறாளே என்று தோன்றியது.

"வள்ளி, நாந்தான் எழுதுனேன்" என்றேன்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. "என்னத்த?"

"பெட்டிசன. பேராச்சி இல்ல. நாந்தான்."

அவள் கையிலிருந்த கருப்பட்டியைப் பானைக்குள் திரும்ப வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "எந்தக் கையி?" என்று கேட்டாள்.

நான் கரடி நக்கிக்கொண்டிருந்த கையைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

ஞானதுரை திருப்புளியோடு வந்து சேர்ந்தார். நாலு திருகாணியையும் விறுவிறுவென்று கழற்றி, கண்ணாடியை எடுத்து, தாளை வெளியே இழுத்து, மடிப்பை நீவி விரித்தார்.

"ஒண்ணுமில்ல தாயி. வெறுந்தாளு."

நானும் எட்டிப் பார்த்தேன். நாலு விரற்கடைக்கு வெள்ளையாக இருந்தது. இருபது வருஷத்தில் என் பேர் இல்லாமல் நான் எழுதிய ஒரே தாள் அதுதான். இன்னும் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பேன். அந்த எரிச்சலையும் உங்களிடம் மறைக்கவில்லை. அது வரத்தான் செய்தது.

"மொட்டப் பெட்டிசன்ல எவனாவது பேரு போடுவானா? ஆனா எழுதுனவன் சாமானியப்பட்ட ஆளில்ல" என்று சொல்லிக்கொண்டே ஞானதுரை தாளைப் பழையபடி மடித்தார்.

"ஆமா, சாமானியப்பட்ட ஆளில்லதான்" என்றாள் வள்ளித்தாய். பிறகு என்னிடம் திரும்பித் தணிந்த குரலில் கேட்டாள். "அவரு திருப்புளி எடுக்கப் போனாருன்னு பயந்து சொன்னீங்களா, இவ நக்குனான்னு சொன்னீங்களா?"

பொய் சொல்ல அது நேரமில்லை. "ரெண்டுந்தான்" என்றேன்.

அதன் பிறகு அவள் என்னை அங்கே ஒரு ஆளாகவே கருதவில்லை. வளையலால் பானையில் தட்டினாள். அந்தச் சத்தத்துக்குச் செண்பகம் சட்டென்று என் விரலை விட்டுத் திரும்பியது. வீட்டில் அவள் பால் கொடுக்கக் கூப்பிடும் சத்தம் அது. ஓடிப்போய் நெற்றியைக் கம்பியோடு சேர்த்து வைத்துக்கொண்டது. அவள் கம்பிக்குள் கையை விட்டு அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்தாள், கருப்பட்டியை ஊட்டினாள், ஊட்டிக்கொண்டே சத்தம் போட்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஞானதுரை மரியாதையாக விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

அதற்குள் குகையிலிருந்து இரண்டாவது மேடும் எழுந்து ஒரு காலை இழுத்து இழுத்து வந்தது.

"இவரு யாரு?" என்று கண்ணைத் துடைத்தாள் வள்ளித்தாய்.

"புளியரப் பக்கம் கண்ணியில மாட்டி வந்த உருப்படி. ஆண். ரெண்டும் ஒத்துமையா இருக்கு. பங்குனியில மேல காட்டுக்குள்ள தொறந்து விட்டுரலாம்னு உத்தரவு வந்திருக்கு" என்றார் ஞானதுரை.

வள்ளித்தாய் அந்த நொண்டிக் கரடியை நன்றாகப் பார்த்தாள். பானையிலிருந்து பெரிய கருப்பட்டியாக ஒன்றை எடுத்து அதற்குத் தனியாகக் கொடுத்தாள். பானையையும் அரிசியையும் ஞானதுரையிடம் ஒப்படைத்து, பொங்கலன்று பொங்கி இரண்டுக்கும் வைக்கச் சொன்னாள். அவர் சல்யூட் அடித்தார்.

இறங்கும்போது அவள் ஒரு சீப்புப் பழத்தையும் ஒரு மஞ்சள்குலையையும் நாலு கருப்பட்டியையும் மட்டும் முந்தானையில் முடிந்து திரும்பக் கொண்டுவந்தாள். எதற்கென்று கேட்க எனக்குத் தைரியமில்லை. கீழே சேக் தாவூது காத்திருந்தார். வள்ளித்தாய் ஏறி உட்கார்ந்ததும் தானாகவே, "மாப்பிள்ளை அமைஞ்சிட்டு. லேசா நொண்டுவாரு. குணம் தங்கம்" என்றாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்து, "எழுதப் படிக்கத் தெரியாதவரு" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

வீடு வந்து சேர்ந்ததும் அவள் சேலையைக்கூட மாற்றவில்லை. நேரே கிழக்குச் சுவருக்குப் போய் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டாள். கையில் ரத்தம் வந்தது. நான் உதவப் போனேன். "அங்கனயே நில்லுங்க" என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் பேராச்சி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகுச் சத்தம் நின்றது. ஆனால் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பழமும் மஞ்சளும் கருப்பட்டியும் சுவர்மேல் ஏறின. அதையும் பார்க்கவில்லை.

"அவ நான் பேசுனா கேக்க மாட்டா. கேக்கவும் வேண்டாம்" என்றாள் வள்ளித்தாய். உள்ளே போய் என் மேசையைத் தூக்கிக்கொண்டு வந்து சுவரோரம் போட்டாள். தாளும் பேனாவும் வைத்தாள்.

"எழுதுங்க. எல்லாம் எழுதுங்க, எல்லை ஒண்ணு விடாம. நாளைக்கு அம்மன்கிட்டயும் நீங்களே வந்து சொல்லணும்."

பேனாவை வலது கையில் எடுத்தேன். அதைப் பிடுங்கி இடது கையில் வைத்தாள்.

"அந்தக் கையால. மொதல்ல கடைசி வரி."

எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாக, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி அவள் உரக்கப் படித்தாள். "எழுதியவர், சி. சிவனணைந்தபெருமாள்" என்று முடித்தபோது, சுவர்மேல் இருந்த கருப்பட்டியை எடுக்க ஒரு கை வந்தது.